அப்பா குலுக்கிய பாட்டில்கள்

எய்யா,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால் நீயும் பொய்தான் எழுதுவாய். அதனால் அந்த இரண்டையும் விட்டுவிடுகிறேன். செம்பூரில் உன்னோடு தங்கியிருக்கிற உன் சிநேகிதன் நேற்று ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்துவிட்டு, நீ ஆமதாபாத்தில் ஏதோ மில்லுக்கு ஸ்டோர் கிளார்க் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னான். அப்போ காலேஜ் என்று கேட்டேன். "அவன் தூக்கத்துலயும் அதையேதான் பொலம்புதான் அம்மா. நான்தான் எங்கப்பாவக் கொன்னேன், சாக்கடையக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சு நான்தான் கொன்னேன்னு" என்றான். கோதுமை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், கூட்டிப் படித்துக்கொள். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ கொண்டுவந்த சாக்கடைப் பாட்டில்களால் உன் அப்பா சாகவில்லை. ஆடி மாதமே பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். இதயம் வீங்கிப்போயிருக்கிறது, கால் வீங்குவது அதனால்தான், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதும் அதனால்தான், மருந்து கொடுக்கலாம், ஆனால் ரொம்ப நாளைக்கு எண்ணிவைக்காதீர்கள் என்றார். அவர் இந்தியில் சொன்னது எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமாக இருந்தது. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் உன் அப்பா, "பயலுக்குக் கடைசி வருசம். படிப்ப முடிக்கட்டும். அதுக்குள்ள நீ வாயத் தொறந்தியோ, தெரியும் சேதி" என்று என்னை மிரட்டினார். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிரட்டல். அவர் சொன்னதற்காக நான் சொல்லாமல் இருந்தேன். நீ பாட்டில்களோடு வந்து நின்றது தீபாவளி லீவுக்கு. ஆடி முந்தியா, தீபாவளி முந்தியா? நீ படித்தவன், நீயே சொல்.

இந்த சோப்பு நுரை நம் ஒற்றை அறைக் கோலிக்குள் எப்படி வந்தது என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. மாட்டுங்காவில் நான் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிற வீட்டு மாமிதான் அந்த சோப்புப் பவுடரை முதன்முதலில் என் கையில் கொட்டினாள். "ஒரு ஸ்பூன் போட்டாப் போறும்டி, பக்கெட் பூரா எப்படிப் பொங்கறது பாரு. இனிமே கல்லுல போட்டு அடிச்சு என் புடவையைக் கிழிக்காதே" என்றாள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. கட்டி சோப்பைத் தேய்த்துத் தேய்த்து என் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. இதில் ஊறப்போட்டால் அழுக்கு தானாகக் கழன்று வந்தது. கை எரியும், அவ்வளவுதான். நுரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டால் ஓட்டை வழியாகப் போய்விடும். அது எங்கே போகிறது என்று யார் யோசித்தது? அது நேராக உன் அப்பாவிடம் போனது.

தாதர் பக்கம் முனிசிபாலிட்டி கழிவுநீரைச் சுத்தம் செய்கிற தொட்டிகளில்தானே அவருக்கு வேலை. அடியிலிருந்து காற்றை ஊதி ஊதி அந்தத் தண்ணீரைக் கொதிக்கிற உலை மாதிரி வைத்திருப்பார்கள். ஊரில் பவுடர் பரவியதும் தொட்டிகள் பொங்க ஆரம்பித்தன. கைப்பிடிக் கம்பி தெரியாது, கால் வைக்கிற பாதை தெரியாது. காற்றடித்தால் நுரை திரண்டு பறந்துபோய் ரோட்டில் போகிற டாக்ஸி மேல் ஒட்டும். தண்ணீர்க் குழாயைப் பிடித்து அடித்து அதை அமுக்குவதே அவர் பிழைப்பாகிப்போனது. சாயங்காலம் நனைந்த காக்கிச் சட்டையோடு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏட்டி, காலைல நீ மாட்டுங்கால இருந்து அனுப்புனது மத்தியானம் வந்து சேந்துட்டு. கொஞ்சம் கம்மியா அனுப்பப்பிடாதா?" என்பார். பக்கத்துக் கோலிக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கட்டிய நாளிலிருந்து எனக்கென்று ஒரு வார்த்தை பிரியமாகப் பேசத் தெரியாத மனுஷன் அவர். அந்த நுரை நாட்களில்தான் அவருக்கு அது வந்தது. நான் துவைத்துவிட்ட தண்ணீரில் தினமும் ஒரு தடவையாவது என்னை நினைத்திருக்கிறார் என்று இப்போது தனியாக உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன்.

நீ அப்போது ஸ்கூல் முடிக்கிற வருஷம். சோறு பிசைந்துகொண்டே, "எல்லா சோப்பும் தண்ணியில போனா அடங்கிருமேப்பா, இது மட்டும் ஏன் அடங்கல?" என்று கேட்டாய். தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன, அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பதே அவைதான், இந்தப் பவுடரைத் தின்னமாட்டேன் என்கின்றனவாம், இன்ஜினியர் சொல்கிறார் என்றார் அப்பா. ஏன் தின்னாது என்று விடாமல் கேட்டாய். "எனக்கென்ன தெரியும்? நீ படிச்சுட்டு வந்து சொல்லு" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். நீ அதைப் பிடித்துக்கொண்டு கெமிஸ்ட்ரி படிக்கப் போனாய்.

படித்துவிட்டு வந்து சொல்லவும் செய்தாய். அன்றைக்கு நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பவுடரில் இருக்கிற சோப்புக்கு ஒரு வால் உண்டு, கிருமி அந்த வால் நுனியிலிருந்துதான் கடித்துத் தின்றுகொண்டு வரும் என்றாய். கடையில் விற்கிற பவுடரில் அந்த வால் முள்ளுச்செடி மாதிரி கிளை கிளையாகப் பிரிந்திருக்கிறது, கிளை பிரிகிற இடத்தில் கிருமி திகைத்து நின்றுவிடுகிறது என்றாய். வெளிநாட்டில் இப்போது வால் நேராக இருக்கிற மாதிரி ஒன்று செய்கிறார்கள் என்று சொல்லி, என் கையிலிருந்த முருங்கைக்காயைப் பிடுங்கி உன் அப்பாவிடம் காட்டினாய். "இப்படி நேரா இருந்தா தின்னுரும்ப்பா." அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ இத்தனை வருசமா அதுகளுக்கு முள்ளப் போட்டுட்டு, தின்னலையேன்னு வஞ்சுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். எனக்கு நீங்கள் இரண்டு பேரும் பேசியது விளங்கியது. என் மகன் சொன்னால் எனக்கு விளங்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், நாளைக்கு உனக்கு ஒருத்தி வந்தால் அவளுக்கும் உன் வேலையை இப்படிச் சொல்லு. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுக்கிவைக்காதே.

லீவில் காலேஜைப் பூட்டிவிடுவார்கள், காற்று ஊதுகிற மோட்டார் நின்றுவிடும், கடைசி வருஷ வேலையாக நீ சோப்பைத் தின்னப் பழக்கிவைத்த கிருமிகள் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று உன் காலேஜ் சாரிடம் கேட்டு இரண்டு பாட்டில்களை வீட்டுக்குத் தூக்கிவந்தாய். நீல நூல் கட்டியதில் கடைப் பவுடர், சிவப்பு நூல் கட்டியதில் சார் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புதுச் சரக்கு. இரண்டிலும் இருந்தது நம் குழாயடிக் கட்டரின் சாக்கடைச் சேறு. பொம்பளைகள் தினமும் துவைத்து ஊற்றுகிற இடம், அங்கே இருக்கிற கிருமிகளுக்கு சோப்பு கொஞ்சம் பழகியிருக்கும் என்று நீதான் சொன்னாய். நான் உன்னை என்ன பேச்சுப் பேசினேன். "ஊர்ப்பிள்ளைக லீவுக்கு வாறப்போ அம்மைக்கு ஏதாவது வாங்கிட்டு வரும். இவன் சாக்கடையக் கொண்டாந்திருக்கான்" என்று சொல்லி வெளியே மாடிப்படி ஓரத்தில் வைத்துவிட்டேன். நீயும் சரி என்றுதான் விட்டாய். அவற்றை எடுத்து உள்ளே கொண்டுவந்து தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டது யார்? உன் அப்பா. "வெயில்ல கெடந்தா அதுக செத்துப்போவும். வாயில்லாச் சீவன்" என்றார். நீ அந்தப் பாட்டில்களை அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கவில்லை. இதை நான் பார்த்தேன், மறந்துவிடாதே.

வீட்டில் கரண்டு கிடையாது. காற்றுப் போக வேண்டுமானால் கையால்தான் குலுக்க வேண்டும். நீ டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போனதும் அவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். குலுக்கிக் குலுக்கித்தான் இதயம் நின்றுபோனதோ என்று அடுத்து நீ யோசிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? உட்கார்ந்தபடி சின்னச் சின்னக் கைவேலை செய்யலாமா என்று டாக்டரிடம் அவரே கேட்டிருந்தார். செய்யட்டும், சும்மா படுத்தே கிடந்தால் மனசு கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்னார். தலையணையை முதுகுக்குக் கொடுத்து, பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து ஆட்டுவார். களைத்தால் என்னிடம் நீட்டுவார். ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவணும் என்று நீ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாய். கழுவினார். கடைப் பவுடரைப் போட்டே கழுவினார். பக்கத்துக் கோலிக்காரி எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, பிள்ளை தூங்கிட்டா?" என்று கேலி செய்வாள். "எங்க தூங்குது, ராப்பகலா பசிக்குதுங்குது" என்பார் இவர். நீ ஊற்றச் சொன்ன சோப்புத் துளியை ஊற்றும்போது அவற்றோடு பேசவும் செய்வார். "இன்னைக்காவது தின்னுங்கவே. எம் மவன் பேரு கெட்டுரும்." வேலைக்குப் போக முடியாத ஆம்பளை வீட்டில் எப்படி இருப்பான் என்று நான் நாலு வீட்டில் பார்த்திருக்கிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான், அல்லது பெண்டாட்டி மேல் பாய்வான். உன் அப்பா அப்படிக் கிடக்கவில்லை. அதற்கு நீதான் காரணம்.

அவர் போன அன்றைக்குத்தான் காலேஜ் திறந்தது. மோட்டாரைச் சரிபார்த்து இடத்தை ஒழுங்குபண்ணிவிட்டு, மத்தியானம் வந்து பாட்டில்களை எடுத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ வந்தபோது வாசலில் கூட்டம். அவரைக் கிடத்தியிருந்தார்கள், நான் தலைமாட்டில் இருந்தேன். செத்த வீட்டில் ஆக்கிய சோற்றையும் பிடித்துவைத்த தண்ணீரையும் வெளியே கொட்ட வேண்டும் என்பது நம் வழக்கம். உன் அத்தைதான், அவர் கூடப்பிறந்தவள், குடத்தையும் தவலையையும் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலை ஒட்டிய ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்துத் திறந்து மோந்து பார்த்தாள். "ஏலே, இது என்னது? சாக்கடைத் தண்ணியா? நோயாளி கட்டிலுக்குப் பக்கத்துலயா இத வச்சிருந்திய? பொறவு எங்கண்ணன் எப்படிப் பொழைப்பான்? கிருமிய மடியில கட்டிவிட்டு அனுப்பிட்டியளே!" என்று அலறினாள். கூட்டம் முழுக்க உன்னைத்தான் பார்த்தது. நீ அவர் காலையே பார்த்துக்கொண்டு, "கொட்டிருங்க அத்தை" என்றாய். இரண்டையும் கொண்டுபோய்க் கட்டரில் கவிழ்த்தாள். எனக்கு வாயைத் திறக்க வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு செம்பூருக்குப் போய்விட்டாய். நடுவில் இருந்த அத்தனை நாளும் என் எதிரில் நீ உட்காரவே இல்லை. தட்டைக்கூட வாசல் பக்கம் திருப்பிவைத்துத்தான் தின்றாய்.

அத்தையைக் கோபிக்காதே. இழவு வீட்டில் யாராவது ஒருத்தர் மேல் பழியைப் போட்டால்தான் சிலருக்கு அழுகை வரும். என் அம்மா செத்தபோது நானும் நாட்டு வைத்தியரை அப்படித்தான் ஏசினேன், அவர் பாவம் மருந்தே கொடுத்திருக்கவில்லை. அத்தை அப்புறம் என்னிடம் வந்து, "மைனி, நான் ஏதோ வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன், பய மனசுல வச்சுக்கிட்டானோ" என்று கேட்டாள். வைத்துக்கொண்டான் என்றேன். அழுதுவிட்டுப் போனாள். நீ இனிமேல் பல வீட்டுத் துக்கத்துக்குப் போக வேண்டி வரும். அங்கே யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு வா, ஆனால் வீட்டுக்கு எடுத்துவராதே.

போன வாரம் உன் சார் நம் கோலிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட பூட்ஸ், கட்டரைத் தாண்டத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். குழாயடிப் பொம்பளைகள்தான் பலகை போட்டுக்கொடுத்தார்கள். நீ ஏன் வரவில்லை என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கிருமியால் செத்திருப்பாரா என்று அவரிடமே நேராகக் கேட்டேன், ஏனென்றால் ராத்திரி எனக்கும் அந்தச் சந்தேகம் வந்து போனது, உன்னிடம் மறைப்பானேன். அவர் அவசரப்படாமல் யோசித்துவிட்டு, "சாக்கடை ஜலம் நல்லதுன்னு சொல்ல மாட்டேம்மா. கையலம்பாம சாப்பிட்டா வயித்துக்கு வரும், ஜுரம் வரும். அப்படி ஏதாவது இருந்துதா?" என்றார். இல்லை என்றேன். கால் வீக்கத்தைச் சொன்னேன், ஆடி மாதத்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அது இதயம். பாட்டிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். நான் சொன்னால் தாய் சமாதானம் சொல்கிறாள் என்று நினைப்பாய். அவர் உனக்குத் தாய் இல்லையே.

அதற்கப்புறம்தான் அன்று காலை நடந்ததை அவரிடம் சொன்னேன். உன்னிடம் சொல்ல வேண்டியது, நீ எதிரில் உட்காராததால் அவரிடம் போயிற்று. மாமி வீட்டு வேலையை முடித்துவிட்டு நான் அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன். "ஏட்டி, இங்க வா, சீக்கிரம் வா" என்று கூப்பிட்டார். நெஞ்சு வலிக்கிறதோ என்று ஓடினேன். சிவப்பு நூல் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். "பாரு" என்று சொல்லிக் குலுக்கினார். நுரை எழும்பியது, எழும்பின கையோடு சோடா நுரை மாதிரி படபடவென்று உடைந்து அடங்கிவிட்டது. மேலே ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர். திரும்பக் குலுக்கச் சொன்னேன். திரும்பவும் அப்படித்தான். நீல நூல் பாட்டிலை நான் எடுத்துக் குலுக்கினேன், அதில் நுரை பஞ்சு மாதிரி நின்றது, அசையவே இல்லை. இரண்டையும் ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மாறி மாறிப் பார்த்தோம். "தின்னுட்டு ஏட்டி. தின்னே போட்டுச்சு" என்று சிரித்தார். அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. "பய வந்ததும் நான்தான் சொல்லுவேன். நீ முந்திக்கிடாத, சொல்லிட்டேன்" என்றார். சலவைச் சட்டையை எடுத்துத் தரச் சொல்லிப் போட்டுக்கொண்டார். பால் இல்லாமல் ஒரு காபி கேட்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். காபியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது சுவரில் சாய்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். கூப்பிட்டேன். தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் எந்தப் பாட்டில், எவ்வளவு நேரம் நுரை நின்றது, முந்தின நாள் எவ்வளவு சோப்பு ஊற்றினீர்கள் என்றெல்லாம் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை, அவர் இதை உன் பேரில் எழுதிக்கொள்வார், உன் பரீட்சைக்கு இதுவே போதும் என்று. அவர் தலையை ஆட்டினார். "நீங்க பார்த்தது நிஜம்தாம்மா, எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா ஒரு தடவை பார்த்தது போறாது. மறுபடி முதல்லேருந்து பண்ணணும். மறுபடியும் அதே மாதிரி அடங்கணும். அப்பத்தான் ஆச்சுன்னு சொல்ல முடியும்" என்றார். நான் சண்டை போட்டேன். செத்த மனுஷன் பார்த்தது சார், பொய்யாகுமா என்றேன். பொய் என்று சொல்லவில்லை, அவன் வந்து செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறேன் என்றார். புதுச் சரக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். உன் மேஜையை யாருக்கும் கொடுக்கவில்லையாம்.

ஆமதாபாத்துக்குத்தான் போவேன் என்றால் போ. சோறு எங்கே கிடைத்தாலும் சோறுதான், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அப்பாவைக் கொன்றவன் என்று நினைத்துக்கொண்டு அந்த ரயிலில் ஏறாதே. நீ கொண்டுவந்த வேலையைச் செய்துகொண்டே, அது முடிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, உனக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு போனவர் அவர். குழாயடிக் கட்டரில் இன்றைக்கும் துவைக்கிறார்கள், சேறும் அங்கேயேதான் கிடக்கிறது. காலையில் போய் நின்று பார்த்தேன். நீ எந்த இடத்தில் எடுத்தாய், எவ்வளவு ஆழத்தில் எடுத்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அள்ளிவைத்திருப்பேன். அவர் பார்த்தார், நான் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் பார்த்தது போதாதாம் எய்யா, நீ பார்க்க வேண்டுமாம்.

அம்மா